ஆபீசுக்குப் போய் வீடியோ காலில் உட்காருகிறேன்

இன்று காலை ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நசுங்கி ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். எதற்கு? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் தெரியும் ஆறு கட்டங்களைப் பார்த்து, "ஹலோ, நான் பேசுறது கேக்குதா?" என்று கத்துவதற்கு.

வாரம் மூன்று நாள் கட்டாயம் வர வேண்டுமாம். முகம் பார்த்துப் பேசினால்தான் டீமுக்குள் ஒட்டுதல் வரும் என்கிறது எச்.ஆர். மெயில். சரி, யார் முகத்தை? போன வருஷம் மறுசீரமைப்பு என்று சொல்லி எங்கள் டீமைப் பிய்த்து நாலு ஊருக்குப் பங்கு வைத்ததே இதே நிர்வாகம்தானே! மேனேஜர் ஒரு ஊரில், டெஸ்டிங் பார்ப்பவர் இன்னொரு ஊரில். அப்புறம் 'டாட்டட் லைன்' மேனேஜர், அதாவது நேர் மேலதிகாரி இல்லாமலே வேலைக் கணக்குக் கேட்கும் இரண்டாவது மேலதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷமாக அவருக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்; அவருக்குக் கால் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

வரச் சொன்னவர்கள் உட்கார இடமாவது வைத்தார்களா? ஆளைவிட மேஜை குறைவு. முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆப்பைத் திறந்து சீட் பிடிக்க வேண்டும். இன்று பிரிண்டருக்குப் பக்கத்தில் கிடைத்தது. மானிட்டர் கேபிளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலி உட்கார்ந்ததும் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. அரை மணிக்கொரு தடவை எழுந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்து சீட்காரர் கணக்குப் பிரிவு, அவரும் வீடியோ காலில். அவர் கத்துவது என் மீட்டிங்கில் கேட்கிறது, நான் கத்துவது அவர் மீட்டிங்கில். சாயங்காலம் வரை நான் நேரில் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "இந்த சார்ஜர் உங்களுதா?"

இது என் புலம்பல் மட்டும் இல்லை. இரண்டு பெரிய நிறுவனங்கள் தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த ஆபீசுக்கு மாறியபோது, ஊழியர்கள் உடலில் கருவி மாட்டி அளந்து பார்த்தார்கள் ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 2018-இல் வெளிவந்த ஆய்வு. நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது; மெயில்தான் கூடியிருந்தது. சுவரை இடித்தால் மனுஷன் பேசுவான் என்று நினைத்தார்கள், அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். வேறென்ன செய்வான்?

இதில் நிர்வாகம் ஊழியர் எல்லாரையும் கூட்டிப் பேசும் 'டவுன் ஹால்' கூட்டத்துக்குத் தலைப்பு 'வேலையின் எதிர்காலம்'. ஆளை வேலை இருக்கும் இடத்துக்கு இழுக்காமல் வேலையை ஆள் இருக்கும் இடத்துக்கு அனுப்பலாமே என்று யோசித்து, ஜாக் நில்லஸ் என்ற அமெரிக்கர் அதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பேர் வைத்தது 1973-இல். எதிர்காலத்துக்கு ஐம்பது வயசு தாண்டிவிட்டது ஐயா!

நேரில் வந்து வேலை பார்ப்பதை நான் வெறுப்பவன் இல்லை. டீம் மொத்தமும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரட்டும், தினமும் வருகிறேன். இங்கே பார்ப்பது வேலையை அல்ல, கேட்டில் கார்டு தேய்த்த கணக்கை. போன வாரம் அந்த மெஷின் என் கார்டைப் படிக்கவில்லை. ஒரு நாள் குறைகிறதாம், விளக்கம் வேண்டுமாம். நாளை பதினோரு மணிக்கு மீட்டிங் போட்டிருக்கிறார்கள், வீடியோ காலில்.