பம்ப் கேட்கும் ஐந்து இலக்கம்

அமெரிக்காவில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். வலப்பக்கமாகப் போ, 'ஸ்டாப்' பலகையைக் கண்டால் சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் முழுதாக நிறுத்திவிட்டுப் போ, போலீஸ் நிறுத்தினால் காரை விட்டு இறங்காதே. எல்லாம் நல்ல அறிவுரைதான். பெட்ரோல் பங்க்கில் நம் ஊர் கார்டைச் செருகினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

என்ன ஆகும்? பம்ப் கார்டைப் படிக்கும். பிறகு 'ஜிப் கோடு' கேட்கும். கார்டு எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ, அந்த முகவரியின் அஞ்சல் குறியீடு. அவர்களுடையது ஐந்து இலக்கம், நம்முடையது ஆறு. தாம்பரத்துக்காரர் 600045 என்று அழுத்தத் தொடங்கினால் 60004 வரைதான் இடம் இருக்கும். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்று ஒரு புறநகர் இருக்கிறது. 60004 அந்த ஊரின் குறியீடு! தாம்பரத்துக்கு இப்படி ஒரு சம்பந்தி ஊர் இருப்பது தெரிந்து நான் ரசித்தேன். பம்ப் ரசிக்கவில்லை. 'உள்ளே சென்று காசாளரைப் பாருங்கள்' என்று திரையில் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பதறிப்போகிறார்கள். கார்டு கெட்டுவிட்டதோ, கணக்கில் ஏதும் கோளாறோ என்று ஊரில் நள்ளிரவு என்றுகூடப் பார்க்காமல் வங்கிக்கு ஃபோன் போடுகிறார்கள். குடும்ப வாட்ஸாப் குழு உடனே விழித்துக்கொள்ளும். தங்கியிருக்கும் ஹோட்டலின் குறியீட்டைப் போடு என்பார் ஒருவர். ஐந்து பூஜ்யம் போடு என்பார் இன்னொருவர், ஐந்து ஒன்பது என்பார் மூன்றாமவர். ஹோட்டல் குறியீட்டால் பயனே இல்லை. அந்த எண் நம் வங்கியில் இருக்கும் முகவரியோடுதான் ஒப்பிடப்பட வேண்டும். அப்படி ஒப்பிடும் முறை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற சில நாடுகளில்தான் பரவலாக நடைமுறையில் இருக்கிறது. பூஜ்யமும் ஒன்பதும் சில பம்புகளில் எடுபடும், பலவற்றில் எடுபடாது. கனடாக்காரர்களுக்காவது ஒரு வழி உண்டு. அவர்கள் குறியீட்டில் எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். எழுத்துகளை விட்டுவிட்டு, மூன்று எண்களோடு இரண்டு பூஜ்யம் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும். நமக்கு அதுவும் இல்லை. விடாப்பிடியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், இது ஏதோ திருட்டு வேலை என்று வங்கியே கார்டை முடக்கிவிடும்.

என் கட்சி இதுதான்: இதில் நம் கார்டுக்கோ நமக்கோ எந்தக் குறையும் இல்லை. அந்த இயந்திரம் உள்ளூர்க்காரருக்காக மட்டும் செய்யப்பட்டது. அதோடு மல்லுக்கட்டாமல் நேராக உள்ளே போய்விடுங்கள்.

ஜிப் கோடு எதற்கு வந்தது என்று பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். கார்டின் பின்புறம் இருக்கும் கறுப்புக் காந்தப் பட்டையை எவனும் நகல் எடுத்துவிடலாம். ஆளில்லாத பம்பில் திருடர்கள் ஒரு சிறு கருவியைப் பொருத்திவிட்டுப் போனால் போதும், வருகிறவர் போகிறவர் கார்டு விவரமெல்லாம் அவர்கள் கையில். அந்த ஓட்டையை அடைக்க ஒட்டிய ஒட்டுதான் ஜிப் கோடு. இதற்கு உருப்படியான தீர்வு சிப்பும் பின் எண்ணும். இந்தியாவில் 2013 டிசம்பரிலிருந்து கடையில் டெபிட் கார்டு தேய்த்தால் பின் எண் கட்டாயம். 2018 முடிவதற்குள் காந்தப் பட்டை கார்டுகளையெல்லாம் மாற்றி சிப் கார்டு கொடுத்துவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அமெரிக்க பம்புகளுக்கு, சிப் வசதி இல்லாத இடத்தில் நடக்கும் மோசடிக்கு பங்க் உரிமையாளரே பொறுப்பு என்ற விதி 2017இல் வந்திருக்க வேண்டியது. 2020க்குத் தள்ளிப்போய், கடைசியில் 2021 ஏப்ரலில்தான் வந்தது. சிப் வந்த பிறகும் ஜிப் கோடு கேட்கும் பழக்கம் போகவில்லை. அமெரிக்கா எல்லாவற்றிலும் நம்மைவிட இருபது ஆண்டு முன்னால் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு முறை அங்கே பெட்ரோல் போட்டுப் பார்க்கலாம்.

சரி, கார்டை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வில்லங்கம் முன்பிடித்தம். நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் என்று பம்புக்குத் தெரியாது. அதனால் ஒரு தொகையை முதலிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லும். இது 175 டாலர் வரை போகலாம். 2022க்கு முன் 125 டாலராக இருந்த வரம்பு அது. 175 டாலர் என்றால் நம் பணத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். நீங்கள் முப்பது டாலருக்குப் போட்டாலும் மீதி உடனே விடுபடும் என்று சொல்ல முடியாது. கிரெடிட் கார்டாக இருந்தால் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டிலும், முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டிலும் மாட்டிக்கொள்வது கையில் இருக்கும் சொந்தப் பணம். அது திரும்ப நாள் கணக்காகலாம். ஃபாரெக்ஸ் கார்டில் நூறு டாலர் இருக்கிறது, முப்பது டாலர் பெட்ரோல்தானே என்று போனால் கார்டு மறுக்கப்படலாம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு காலன் விலையை ஒரு சென்ட்டின் பத்தில் ஒன்பது பங்கு வரை துல்லியமாக ஆளுயர எழுத்தில் போடுகிறார்கள். எவ்வளவு பணத்தை முடக்கப் போகிறோம் என்பதைப் பம்பின் ஓரத்தில் எறும்பு சைஸில் ஒட்டுகிறார்கள், அதையும் ஒட்டினால்.

கிராண்ட் கேன்யன் போகும் வழியில், கிங்மன் என்ற ஊரில், கல்லாவில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் இருந்தார். எத்தனையாவது பம்ப் என்று கேட்டார். ஆறு என்றேன். எவ்வளவுக்கு என்றார். டேங்க்கை நிரப்ப வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, "அப்படி இங்கே சொல்ல முடியாது, ஒரு தொகை சொல்லுங்கள், மிச்சத்தைத் தருகிறேன்" என்றார். ஐம்பது டாலர் கொடுத்தேன். போட்டுவிட்டு வந்ததும் மீதியை எண்ணி வைத்தார். ஜிப் கோடும் இல்லை, முன்பிடித்தமும் இல்லை. போதாததற்கு அந்த பங்க்கில் ரொக்கத்துக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை. ரொக்க விலைதான் குறைவு. பல பங்க்குகளில் இப்படித்தான்.

கூட வந்த மைத்துனன் அங்கேயே வேர்விட்டவன். "அத்தான், பெட்ரோல் போட்டுவிட்டுப் பணம் கொடுக்காமல் ஓடுகிறவர்கள் இங்கே அதிகம். அதற்குத்தான் இத்தனை கட்டுப்பாடு" என்று பரிந்து பேசினான். ஓடுகிறவனைத் தடுக்க முன்பணம் போதுமே, ஜிப் கோடு எதற்கு என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான். இன்னொன்றையும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் ஆக்டேன் எண் நம் ஊரில் 91 என்றே பழகியிருக்கிறோம், அங்கே சாதாரண பெட்ரோலில் 87 என்று எழுதியிருக்கிறதே, வண்டி என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அளக்கும் முறை வேறு. அவர்களுடைய 87, நம் முறையில் அளந்தால் ஏறக்குறைய 91தான்.

கிளம்புவதற்கு முன் ஊரிலேயே முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். பெட்ரோலுக்கு என்று இருபது டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு டாலர் நோட்டை வாங்க மறுக்கும் கடைகள் நிறைய.

நியூ ஜெர்சிக்குப் போகிறவர்கள் மட்டும் காரை விட்டே இறங்க வேண்டாம். அங்கே நாமே பெட்ரோல் போட்டுக்கொள்வதை 1949இலிருந்து சட்டமே தடுக்கிறது. நம் ஊர் போலவே ஓர் ஆள் வந்து போட்டுவிடுவார். ஆனந்தமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கார்டை நீட்டினேன். வாங்கிச் செருகிப் பார்த்தவர், குனிந்து கேட்டார்: "ஜிப் கோடு?"