‘சர்க்கிள்’ ஆல்பம் ஒட்டுவேலை அல்ல

“அமெரிக்க இசைக்குழுவான நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் 1972இல் வெளியிட்ட ‘வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்’ ஆல்பம், 1920களின் பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து மேலே புது வாத்தியம் சேர்த்தது, பில் மன்றோவும் ஜானி கேஷும் பாடியிருக்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

1971 ஆகஸ்டில், நாஷ்வில் உட்லேண்ட் ஸ்டூடியோவில் எல்லோரும் நேரில் உட்கார்ந்து வாசித்தது அது. குழுவோடு சேர்ந்தவர்கள் மூத்த கன்ட்ரி இசைக் கலைஞர்கள்: மேபெல் கார்ட்டர், ராய் ஏகஃப், டாக் வாட்சன், மெர்ல் டிராவிஸ், ஏர்ல் ஸ்கிரக்ஸ், ஜிம்மி மார்ட்டின். நேராக, இரண்டே டிராக் (ஒலித்தடம்) கொண்ட டேப்பில் பதிவு. அதில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி டிராக் கிடையாது, ஃபிடில் (வயலின்) பிசகினால் ஃபிடிலை மட்டும் பிறகு மாற்ற முடியாது; பாட்டு முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். அப்படியும் பெரும்பாலானவை முதல் அல்லது இரண்டாவது முறை வாசித்தபோதே முடிந்தன. வாசித்தவர்களின் கைத்திறன் அப்படி.

குழப்பத்துக்குக் காரணம் ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ என்ற பாட்டாக இருக்கலாம். மேபெல் இருந்த ‘கார்ட்டர் குடும்பம்’ இசைக்குழு 1928இல் பதிவு செய்தது வேறு, இதில் மேபெல் வாசிப்பது வேறு. பழையதில் பாடுவது அந்தக் குழுவின் சாரா கார்ட்டர்; அவர் இந்த ஆல்பத்திலேயே இல்லை.

பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சைக் கேட்டாலே சந்தேகம் தீரும். டிராவிஸின் பெயரைத்தான் தன் மகனுக்கு வைத்ததாக வாட்சன் அவரிடமே சொல்கிறார். ஒட்டுவேலையில் இதெல்லாம் வருமா?

மன்றோவை அழைத்தார்கள், மறுத்துவிட்டார். கேஷ் வருவது 1989இன் இரண்டாம் தொகுதியில்.