நீளப் பட்டருக்குத் தடை இல்லை

2016-லிருந்து கோல்ஃபில் நீளப் பட்டரையே (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டைதான் பட்டர்) தடை செய்துவிட்டார்கள், வைத்திருப்பவர்கள் குட்டைப் பட்டர் வாங்கி நிற்கும் முறையையே மாற்ற வேண்டும் என்று மேலே ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அது சரியல்ல அண்ணாச்சி. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே கோல்ஃப் பழகும் நம்ம நாகர்கோவில், தக்கலைப் பிள்ளைகள் இதை நம்பிக் காசை விட்டுவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

தடை பட்டருக்கு இல்லை, அதை உடம்பில் ஊன்றி அடிப்பதற்குத்தான். பிடியையோ, பிடித்த கையையோ நெஞ்சிலோ வயிற்றிலோ முட்டுக்கொடுத்து அடித்தால் குற்றம், முன்கையை உடம்போடு அழுத்தி அச்சாக்கினாலும் அப்படித்தான். ஸ்ட்ரோக் பிளேயில், அதாவது மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில், தண்டனையாக 2 அடி கூடும். சட்டை லேசாக உரசினால் ஒன்றுமில்லை.

சந்தேகம் இருந்தால் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் தளத்தில் விதி 10.1பி-யைப் படியுங்கள், இலவசம்தான். ஜெர்மன் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் 2023 யுஎஸ் சீனியர் ஓப்பன் போட்டியை நீளப் பட்டரோடுதான் ஜெயித்தார். அந்த ஆட்டத்தின் வீடியோவில், பிடியில் மேலே இருக்கும் அவருடைய கையை மட்டும் கவனியுங்கள், நெஞ்சை விட்டு விலகி நிற்கும். அப்புறம் பிடியில் மேலே இருக்கும் உங்கள் கைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு தாளை விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் போனால் அந்தப் பட்டரையே வைத்துக்கொள்ளலாம்.