85 சதவீதம் உங்கள் பங்கா? அந்தச் செய்தி தவறு

"அறக்கட்டளைகள் வருமானத்தில் 85 சதவீதத்தை மக்களுக்குப் பிரித்துத் தர வேண்டும், ஆதார் நகலும் 500 ரூபாயும் அனுப்பினால் உங்கள் பங்கு வரும்" என்று பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

அந்த எண் மட்டும் நிஜம். வரிவிலக்கு முழுமையாக வேண்டுமானால், வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அறக்கட்டளை தன் அறநோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். (உரிய படிவம் கொடுத்து, குறித்த நோக்கத்துக்காக 5 ஆண்டு வரை சேர்த்து வைக்கவும் சட்டம் இடம் தருகிறது.) கல்வியா, மருத்துவமா, ஏழைகளுக்கான உதவியா என்பதை அறக்கட்டளைப் பத்திரமே சொல்லும். கல்விக்கென்று மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு வீடு கட்டப் பணம் தர அறங்காவலர்களுக்கே அதிகாரம் கிடையாது. பத்திரம் சொல்லும் தகுதி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்; யாருக்கு, எவ்வளவு என்பது அறங்காவலர்களின் முடிவு. ஆளுக்கொரு பங்கு என்று எதுவும் இல்லை.

செய்தியில் காட்டப்படும் 80ஜி சான்று, நன்கொடை கொடுப்பவரின் வரிச்சலுகைக்கானது. உதவி கேட்பவருக்கு அது எந்த உரிமையும் தராது. வருமான வரித் துறை இணையதளத்தில் வரிவிலக்கு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அறக்கட்டளையின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள்.

தயவுசெய்து இதை மேலும் அனுப்பாதீர்கள். பணம் அனுப்பிவிட்டவர்கள் உடனே இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்கினால் மீட்க வாய்ப்பு அதிகம்.