இது நிஜ ஹேக்கிங் இல்லையாம்!

ஹேக்கிங் கேம் எதைப் பற்றி யார் எழுதினாலும் கீழே முதல் ஆளாக ஒருத்தர் வந்து நிற்பார். "நான் இந்தத் துறையிலதான் இருக்கேன், நிஜ ஹேக்கிங் இப்படியெல்லாம் இருக்காது." சரிங்க, ஒத்துக்கொள்கிறேன். நிஜத்தில் பாதி நேரம் லாகை, அதாவது யார் எப்போது உள்ளே வந்து என்ன செய்தார்கள் என்று கணினி குறித்துவைக்கும் பதிவை, வெறித்துப் பார்ப்பதில் போகும், மீதி நேரம் ரிப்போர்ட் எழுதுவதில் போகும். அதைக் காசு கொடுத்து யார் விளையாடுவது? சதுரங்கக் குதிரை இரண்டு கட்டம் நேராகப் போய் ஒரு கட்டம் திரும்புகிறதே என்று குதிரைப்படைக்காரர் யாரும் சண்டைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இந்த வகை கேம்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. மாட்டிக்கொள்ளும்போது "சே, இது நான் பண்ணின முட்டாள்தனம்" என்று தோன்ற வேண்டும். அவ்வளவுதான்.

'அப்லிங்க்' விளையாடியவர்களுக்கு இது புரியும். 2001-ல் பிரிட்டனின் இன்ட்ரோவெர்ஷன் வெளியிட்டது. இன்று பார்த்தால் நீலத் திரையில் நாலு பெட்டி, ஓர் உலக வரைபடம். நம் இணைப்பை நேராகக் கொண்டுபோகாமல் ஏழெட்டு சர்வர் வழியாகச் சுற்றவிட்டு உள்ளே நுழைய வேண்டும். எதிராளி மோப்பம் பிடிக்க ஆரம்பித்ததும் பீப்... பீப்... என்று ஒரு சத்தம். நெருங்க நெருங்க அது வேகமாகும். ஒருநாள் இரவு ஒரு நிறுவனத்தின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு, பீப் சத்தம் உச்சிக்குப் போவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். பெரிய சாதனை செய்துவிட்ட நினைப்பு. அடுத்த வேலையை எடுத்துக்கொண்டு நேரத்தை வேகமாக ஓட்டினேன். திடீரென்று எல்லாம் அறுந்தது. கேட்வே (கேமில் நம்முடைய கணினி) பறிமுதல், கணக்கு காலி. பல நாள் சேர்த்த பணம், புரோசஸர், மென்பொருள் எல்லாம் போச்சு. பழைய சேவுக்குத் திரும்பும் வசதியும் கேமுக்குள் கிடையாது.

யோசித்துப் பார்த்தால், சுற்றுவழியில் முதலாவதாக வைத்த 'இன்டர்நிக்' என்ற சர்வரில் என் லாகை அழிக்க மறந்திருக்கிறேன். ஒரே ஒரு வரி. கேம் எச்சரிக்கவில்லை, ஆனால் ஏமாற்றவும் இல்லை. திட்டுவதற்கு என்னைத் தவிர ஆளே இல்லை.

'ஹேக்நெட்' பற்றி இரண்டு கட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் மேட் ட்ரோபியானி உருவாக்கி 2015-ல் வந்தது. செத்துப்போன 'பிட்' என்ற ஹேக்கரிடமிருந்து தானாக ஒரு மெயில் வரும், அங்கிருந்து கதை. "போகப் போக எல்லா கம்ப்யூட்டரும் ஒரே மாதிரிதான் உடையுது" என்று ஒரு கட்சி புலம்பும். நியாயமான புகார். கருவிகள் கையில் சேர்ந்ததும் போர்ட்டைத் திற, பூட்டை உடை, லாகை அழி, கிளம்பு என்று விரல் தானாக ஓடும். மூளைக்கு வேலை குறைவு.

ஆனால் ஒரு கட்டம் இருக்கிறது. (இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) ஒருவன் நம் கணினிக்குள்ளேயே புகுந்து ஒரு சிஸ்டம் ஃபைலை அழித்துவிடுவான். ஜன்னல், பட்டன், வரைபடம் எதுவும் இருக்காது. கருப்புத் திரையில் எழுத்து மட்டும். அதுவரை மவுஸால் சொடுக்கியே ஓட்டியவன் நான். எதற்கு எந்தக் கட்டளை என்று நினைவில்லாமல் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, தப்பாகி, மறுபடி அடித்து, அந்த ஃபைலைத் தேடிக்கொண்டு வந்து திரையை மீட்டபோதுதான் அந்த கேம் எனக்குள் இறங்கியது. கீபோர்டைத் தொடச்சொல்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஒரு பட்டனை அழுத்தினால் சிக்னல் மாறும் 'வாட்ச் டாக்ஸ்' பாணியும் ஜாலிதான், ஆனால் அதில் என் தப்பு என்று ஒன்று இல்லை. 'பயோஷாக்'கில் குழாயைத் திருப்பி வைத்ததை ஹேக்கிங் என்றார்கள். அது பிளம்பிங்.

'எக்ஸாபங்க்ஸ்' வேறு ரகம். சாக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது. கதை நடப்பது 1997-ல். கேமுக்கு வெளியே ஒரு சிறுபத்திரிகையைப் படித்துத்தான் கட்டளைகளைக் கற்று, குட்டி ரோபோக்களுக்கு நிரல் எழுத வேண்டும். "வேலையில பண்றதையே வீட்லயும் பண்ணணுமா?" என்பதுதான் இதன் மேல் வரும் பெரிய குறை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சில இரவுகளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பெரும்பாலான புதிர்களில் 'தடயம் விடாதே' என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஃபைலைக் கச்சிதமாக மாற்றி முடித்திருப்பேன், நான் அனுப்பிய குட்டி ரோபோ ஒன்று மட்டும் எங்கோ மூலையில் உட்கார்ந்திருக்கும். ஒற்றை வரி விடுபட்டிருக்கும். மறுபடி அதே லாக் கதை!

கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்குபவருக்கு நல்ல விதி, குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த 2 மணி நேரத்துக்குள்ளேயே கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டுப் போகும் ரிவ்யூக்களை இந்த வகை கேம்களுக்கு நான் படிப்பதில்லை. அதற்குள் யாரும் ஒழுங்காக மாட்டிக்கொண்டிருக்கக்கூட மாட்டார்கள்.

போன வாரம் அப்லிங்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நேற்று ஒரு நல்ல வேலை முடிந்தது, கேமை மூடிவிட்டுப் படுத்தேன். இன்டர்நிக் லாகை அழித்தேனா?