பதினேழு வயசுப் பையன் எங்கே போய் டிரம்ஸ் அடிப்பான்?

"மும்பையில் ஏன் உருப்படியா ஒரு பாப் பங்க் பேண்ட் வரலை? பசங்களுக்குச் சரக்கு பத்தாது, எல்லாம் காப்பி" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பாப் பங்க் என்றால் வேகமான, இரைச்சலான ராக் பாட்டுக்குள் முணுமுணுக்கத் தகுந்த மெட்டு. பின்னூட்டத்தில் பதில் சொல்லப் போய் நீண்டுவிட்டது, அதனால் இங்கே போடுகிறேன்.

2025 மார்ச்சில் மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் கிரீன் டே என்ற அமெரிக்க பாப் பங்க் பேண்டு வாசித்துவிட்டுப் போனதிலிருந்து எங்கள் செம்பூர்ப் பிள்ளைகள் சிலருக்கு இந்தப் பித்து பிடித்திருக்கிறது. என் அக்கா மகனும் அதில் ஒருத்தன். வயசு 17, டிரம்மர். அவன் புண்ணியத்தில் நானும் பழையதையெல்லாம் தோண்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிரீன் டே என்றால் எல்லோரும் 1994-ல் வந்த 'டூக்கி'யில்தான் ஆரம்பிப்பார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் '39/ஸ்மூத்', 1990 ஏப்ரலில் வந்தது. பத்துப் பாட்டு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நண்பர் அதை ஒருமுறை கேட்கட்டும். என் காதுக்கு அது சுமாரான ஆல்பம்தான். பாதிப் பாட்டு, அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்க்கலையே ரகம். கிடார் சன்னமாக இரையும், 'டூக்கி'யில் வரும் அந்தக் கனம் இன்னும் வரவில்லை. டிரம்ஸ் சில இடங்களில் பாட்டை முந்திக்கொண்டு ஓடும். ஆனால் அத்தனை சத்தத்துக்கு அடியிலும் ஒரு மெட்டு இருக்கிறது. குளிக்கும்போது தானாக வாயில் வருகிற மெட்டு. பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் பேஸ் கிடார் வாசிக்கும் மைக் டர்ன்ட்டும் சேர்ந்து குரல் கொடுக்கும் இடங்களில், இந்தப் பசங்கள் எங்கேயோ போகப் போகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

அதைப் பதிவு செய்தது 1989 டிசம்பர் கடைசியில், சான் பிரான்சிஸ்கோவில். சில நாட்களிலேயே வேலை முடிந்துவிட்டது, செலவு ஆயிரம் டாலரைக்கூடத் தொடவில்லை. அப்போது பில்லி ஜோவுக்கும் மைக்குக்கும் வயசு 17. டிரம்ஸ் வாசித்த ஜான் கிஃப்மேயர் மட்டும் கொஞ்சம் மூத்தவர். வெளியிட்ட லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் ஒரு குட்டிக் கம்பெனி.

சரி, 17 வயசில் ஸ்டுடியோவுக்குள் போகிற அளவுக்கு அவர்களுக்குக் கை எப்படிப் பழகியது? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் ஸ்ட்ரீட் என்று ஒரு கச்சேரி இடம் இருக்கிறது, அங்கே வாசித்துத்தான். 1986 டிசம்பர் 31 அன்று திறந்தார்கள். எந்த வயசுக்காரரும் வரலாம், உள்ளே மது கிடையாது, நடத்துவது தன்னார்வலர்கள். இனவெறிக்கும் பெண்களை மட்டம் தட்டுவதற்கும் இடமில்லை என்று விதியே உண்டு. ரொம்பக் கறாரான ஆட்கள். 1993-ல் கிரீன் டே பெரிய ரெக்கார்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதும், பெரிய கம்பெனி பேண்டுக்கு இங்கே மேடை இல்லை என்று தாங்கள் வளர்த்த பிள்ளைகளையே வெளியே நிறுத்திவிட்டார்கள். மறுபடி அவர்கள் அந்த மேடை ஏறியது 2015-ல், ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக. இந்த வீம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கில்மன் இன்றும் நடக்கிறது.

அதே 1986-ல் நம் மும்பையில் என்ன நடந்தது தெரியுமா? தோபி தலாவ் ரங் பவனில் இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற ராக் இசை விழா தொடங்கியது. திறந்தவெளி அரங்கம், ஊர்ப் பிள்ளைகளின் பேண்டுகள், கூட்டமான கூட்டம். அப்புறம் பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறது, அமைதி மண்டலம் என்று 2000-களின் தொடக்கத்தில் அங்கே கச்சேரி நின்றுபோனது. நோயாளிகளுக்குத் தூக்கம் வேண்டும்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக அப்படி ஓர் இடத்தை வேறெங்கும் யாரும் கட்டித் தரவில்லை.

இப்போது பேண்டுக்கு மேடை என்றால் பெரும்பாலும் பப்தான். மகாராஷ்டிரத்தில் பீர் குடிக்கவே 21 வயசு ஆக வேண்டும், விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு 25. என் அக்கா மகனின் பேண்டுக்கு அந்தேரிப் பக்கம் ஒரு பப்பில் இருபது நிமிஷம் கிடைத்தது. அவர்கள் முறை வரும்வரை நாலு பேரையும் வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வாசித்து முடித்ததும் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். அடுத்த பேண்டு எப்படி வாசிக்கிறது என்று பார்க்கக்கூட வழியில்லை. "மாமா, உள்ளே என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான். நான் உள்ளே உட்கார்ந்து, தங்கத்தால் செய்ததுபோல் விலை போட்ட மசாலா கடலையைத் தின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் இன்னும் மோசம். டிரம்ஸின் மேல் பழைய பெட்ஷீட், பேஸ் டிரம்முக்குள் தலையணை. அப்படியும் கீழ்வீட்டுக் கிழவர் விளக்குமாற்றுக் கட்டையால் சீலிங்கைத் தட்டுவார். அதுவும் நல்ல தாளத்தில்தான் தட்டுகிறார் என்கிறான் இவன். ஹவுசிங் சொசைட்டியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பேண்டுகள் ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூமுக்கு மணிக்கணக்கில் வாடகை. நாலு பிள்ளைகளின் பாக்கெட் மணி எத்தனை மணி நேரம் தாங்கும்?

தாராவியில் ராப் இப்படி வளர்ந்ததற்கு ஒரு காரணம், அதற்கு ஒரு போனும் ஒரு பீட்டும் போதும் என்பது. சந்துமுனையில் நின்றே பழகலாம். டோப்அடெலிக்ஸ் என்ற ராப் குழுப் பையன்கள் அங்கிருந்து கிளம்பி 2018-ல் ரஜினியின் 'காலா' படம் வரை போனார்கள். நம் பிள்ளைகளிடம் சரக்கு இல்லை என்று யார் சொன்னது? பாப் பங்க்கைச் சந்தில் வைத்துப் பழக முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். சத்தம் போட நாலு சுவர் வேண்டும்.

அந்த நாலு சுவர் நம்மிடம் இருக்கிறது என்பதுதான் என் கோபம். மாட்டுங்காவில், சயானில், செம்பூரில் தமிழர்களும் தென்னிந்தியர்களும் காசு போட்டுக் கட்டிய சபாக்கள், சங்கங்கள், கோயில் ஹால்கள் எத்தனை! சில ஹால்கள் கல்யாணமும் உற்சவமும் இல்லாத ஞாயிறு மதியங்களில் பூட்டித்தான் கிடக்கின்றன. "அந்தக் கூச்சலுக்கா ஹாலைத் தருவது?" என்று கமிட்டிப் பெரியவர்கள் கேட்பார்கள். ஏன், நவராத்திரி மேடையில் எட்டு வயசுக் குழந்தை சுருதியை விட்டுப் பாடினாலும் கைதட்டுகிறோமே, சுண்டல் கொடுத்து அனுப்புகிறோமே! அந்தச் சலுகையை மிருதங்கம் வாசிக்கிற பையனுக்கு மட்டும் கொடுத்து, டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு இல்லை என்பது என்ன நியாயம்? முதல் ஆல்பம் சுமாராக இருக்கட்டும். கிரீன் டேவுக்கே அப்படித்தான் இருந்தது.

கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் 3 முதல் 6 வரை போதும். டிரம்ஸ் எங்களுடையது, ஆம்ப்ளிஃபயர் இரண்டு இருக்கிறது. மது, சிகரெட் கிடையாது, வாசலில் நானே நிற்கிறேன். கரண்ட் பில்லில் எங்கள் பங்கைக் கொடுத்துவிடுகிறோம், ஹாலைப் பெருக்கிச் சாவியையும் கொடுத்துவிடுகிறோம்.