டயோடை எடுத்துவிட்டால் லைசென்ஸ் வேண்டாமா?

பெங்களூரு அல்சூர்ப் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘ஹாம் ரேடியோவைத் திறந்து ஒரு டயோடை எடுத்துவிட்டால் எந்த அலைவரிசையிலும் பேசலாம், லைசென்ஸ் தேவையில்லை.’

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோர் (ஹாம்கள்) பயன்படுத்தும் கருவி. செய்தியின் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. சில மாடல்களில் டயோடு என்ற கடுகளவு மின்னணுப் பாகம் ஒன்றுதான் டிரான்ஸ்மிட் எல்லையை, அதாவது எந்த அலைவரிசை வரை பேசலாம் என்பதை, பூட்டி வைக்கிறது. ஆனால் பூட்டைத் திறந்தால் அனுமதி வந்துவிடாது. இந்தியாவில் இரண்டு மீட்டர் பேண்டில் (சுமார் இரண்டு மீட்டர் அலைநீளமுள்ள அலைவரிசைத் தொகுதியில்) ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கும் தேர்வெழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். அப்புறம், உள்ளே தேவையற்ற அலைகளைத் தடுக்கும் ஃபில்டர் பழைய எல்லைக்காகச் செய்தது. அதைத் தாண்டினால் பவர் டிரான்சிஸ்டர் சூடாகிப் போகலாம். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மாற்று டிரான்சிஸ்டர் கிடைத்தாலும் பற்றவைப்பதற்குள் கண் போய்விடும்!

தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்திலும் தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டத்திலும் சரிபார்க்கலாம். இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.